கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே குழாய்: மைக் செட் பாட்டு நமக்கு என்ன செய்தது?

மைக்செட்வீடு

என் அப்பா 1963இலிருந்து மைக் செட் வைத்திருந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே பத்துப் பதினைந்து ஊருக்கு எங்கள் செட் ஒன்றுதான். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், சாவி கொடுக்கிற பிளேயர், கார் பேட்டரி இரண்டு, தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. கரண்ட் இல்லாத ஊருக்கு எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். குழாயோடு வேப்பமரத்து உச்சிக்கு ஏறுவது சித்தப்பா வேலை. பிளேயருக்குச் சாவி கொடுப்பது என் வேலை.

போன மாதம் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்தபோது அந்தத் தகரப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. திறந்தால் நாய் படம் போட்ட ஊசி டப்பி ஒன்றும், அப்பா கட்டி வைத்த மூன்று துணி மூட்டையும் அப்படியே இருந்தன. மஞ்சள் துணி கல்யாணத்துக்கு. சிவப்பு கோயிலுக்கு. வெள்ளை சாவுக்கு. வெள்ளை மூட்டையைப் பிள்ளைகள் தொடக்கூடாது, வீட்டில் போட்டுக் கேட்கவும் கூடாது.

செட் எங்கே போனாலும் முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. கல்யாணம் என்றால் பெண் அழைப்புக்கு ‘வாராய் என் தோழி’, பெண் வீட்டுக்குள் நுழையும்போது ‘மணமகளே மருமகளே வா வா’. வெள்ளை மூட்டையில் முதல் பாட்டு ‘வீடு வரை உறவு’. இதில் எனக்கு ஓர் ஆச்சரியம். ‘வாராய் என் தோழி’ வந்த ‘பாசமலர்’ 1961. மற்ற இரண்டு பாட்டும் வந்த ‘சாரதா’, ‘பாத காணிக்கை’ இரண்டும் 1962. இரண்டே வருடத்துக்குள் வந்த மூன்று படங்கள், எங்கள் பக்கத்து ஊர்களின் நல்லது கெட்டதைத் தலைமுறைக் கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டன. படம் பார்க்காதவர்கள்கூட அந்தப் பாட்டு இல்லாமல் கல்யாணம் முடிந்ததாக எண்ணமாட்டார்கள்.

கேதம் சொல்ல ஆள் கிளம்பும் முன்பே பாட்டு பக்கத்து ஊருக்குப் போய்விடும். நடவு வயலில் பெண்கள் நிமிர்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். “மேலத்தெரு பெரியவரா இருக்கும்” என்பாள் ஒருத்தி. நாற்றுமுடியை வரப்பில் வைத்துவிட்டுக் கை கழுவுவார்கள்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். எங்கள் ஊர்களில் ஆம்பிளைகள் அழுவதற்கு இடம் கொடுத்தது இந்தக் குழாய்தான். பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. உள்ளே கூடி, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் பந்தலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடை கட்டுகிற கணக்கைப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது மரத்து மேலிருந்து டி.எம்.எஸ். குரல் வரும். அது ஆம்பிளைக் குரல். துண்டு முகத்துக்குப் போவதை நான் பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் எப்படி?

பனங்காடு

நூற்றுக்கு நூறு உண்மை அண்ணா. எங்கள் அப்பா எதற்கும் கலங்காத ஆள். என் தங்கை மகனுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் சீர் தெருமுனை திரும்பியதும் செட்காரர் ‘மலர்ந்தும் மலராத’ போட்டார். பிள்ளை என் மடியில் இருக்கிறான், ஆசாரி ஊசி எடுக்கிறார், அப்பா எழுந்து வைக்கோல் போர் பக்கம் போய்விட்டார். அத்தையும் அவரும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அது ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கையும் பிரிந்திருந்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பாடும் தாலாட்டு. மறுநாள் காலையில் அப்பா அத்தை வீட்டுக்குப் போனார்.

இப்போது சீர் என்றால் 1993இல் ரஹ்மான் இசையில் வந்த ‘மானூத்து மந்தையிலே’தான். முப்பது வருடமாகியும் அதை யாரும் மாற்றவில்லை.

மருதாணி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, புதுக்கோட்டைப் பக்கம். ஒப்பாரிக்கு நாலு ஊரிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். இறந்தவரின் வாழ்க்கை முழுக்க அவர் பாட்டில் வரும். எந்த நிலம் யாருக்கு எழுதிக் கொடுத்தது, எந்தப் பிள்ளை சோறு போடவில்லை, பிறந்த வீட்டுச் சீர் எந்த வருடம் நின்றது, எல்லாம். மாமியாரிடம் வாய் திறக்காத மருமகள் அன்றைக்கு மட்டும் ஒப்பாரிக்குள் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், யாரும் தடுக்க முடியாது. அது பெண்களுக்கு இருந்த ஒரே பஞ்சாயத்து.

குழாய் வந்ததும் என்ன நடந்தது? வாசலில் அது அலறும்போது உள்ளே யார் பாடுவது காதில் விழும்? நான் சின்னப் பிள்ளை. ஒரு கேத வீட்டில் அப்பாயி ஓர் அடி எடுத்துவிட்டு நிறுத்தினார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். அடுத்த பாட்டு வந்துவிட்டது. மறுபடி காத்திருந்தார். அப்புறம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் என் கையைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதும் குறைந்துபோனது.

ஆண்கள் அழுதார்கள் என்கிறீர்கள், சரி. அந்த அழுகைக்கு எங்கள் வீட்டுப் பெண்களின் வாய் அடைக்கப்பட்டது. கண்ணதாசன் பெரிய கவிஞர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் எங்கள் தாத்தா பெயர் வராது, அவர் வெட்டிய கிணறு வராது. எல்லாச் சாவுக்கும் ஒரே பாட்டு.

கரிசல்

மருதாணி அக்கா சொல்வதன் வலி எனக்குப் புரிகிறது. அதே பந்தலில் வேறொரு மூலையில் நின்றவர்கள் நாங்கள். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என் தாத்தா பறை அடித்தவர். விரும்பி அடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் சாவு என்றால் நடுச்சாமத்திலும் ஆள் வரும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். எடுத்து அடக்கம் முடிகிறவரை அடிக்க வேண்டும். கூலி கம்பு, சில சமயம் பழைய வேட்டி. மறுத்தால் என்ன நடக்கும் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

செட் வந்த பிறகு ஊர்க்காரர்கள் கூப்பிடுவது குறைந்தது. “குழாய் வந்ததும்தான் நான் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்” என்று தாத்தா சொல்லியிருக்கிறார். கூடவே போய்ப் பறையைத் தீயில் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்த என் அப்பா பள்ளிக்கூடம் போனார். இன்று என் மகள் அதே பறையைச் சென்னையில் ஒரு குழுவில் சேர்ந்து கற்கிறாள். மேடையில், சலங்கை கட்டி, தலை நிமிர்ந்து அடிக்கிறாள். நடுவில் அந்தக் கட்டாயம் அறுந்திருக்காவிட்டால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

மைக்செட்வீடு ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் அப்பாவின் குழாய் எங்கள் தெரு வேப்பமரத்தில் கட்டப்பட்டதா?

மைக்செட்வீடு

கரிசல், இல்லை. 1983 வரை கட்டப்படவில்லை. காலனியிலிருந்து வந்து கேட்டால் “அன்றைக்கு வேற இடத்துல புக்கிங்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். பெட்டி சும்மா கிடக்கும். எனக்கு அப்போதே தெரியும். அங்கே குழாய் கட்டினால் மற்ற ஊர்க் கல்யாணங்கள் போய்விடும் என்பது அவர் பயம். அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். 83இல் சித்தப்பாதான் சண்டை போட்டுச் செட்டை எடுத்துப்போனார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, மன்னியுங்கள்.

அதே குழாயை வைத்து வெட்டுக்குத்தும் நடந்திருக்கிறது. எந்தத் தெரு முன்னால் எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் திருவிழா நின்றுபோன ஊர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. சாதியைச் சொல்லும் பாட்டுகள் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கோயில் விழா ஆடல் பாடலுக்கு உயர் நீதிமன்றமே அனுமதி கொடுக்கிறது. பாட்டு மனதை இளக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு இதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

மருதாணி அம்மா, உங்கள் அப்பாயி எழுந்து வந்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நான்தான் என்று தோன்றியது. உள்ளே பாடுகிறார்களா என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டைப் போட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அப்பா மதுரையிலிருந்து ரெக்கார்டு வாங்கி வந்து, ஒரு சடங்கு வீட்டில் ‘மச்சானைப் பாத்தீங்களா’ போட்டார். அதுவரை குழாயில் எது ஓடினாலும் பெண்கள் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். அன்றைக்கு இலை கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். “இது நம்ம பாட்டுல்ல?” என்றார் என் பெரியம்மா. தங்கள் வாயிலிருந்த மெட்டு மரத்து மேலிருந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. இளையராஜாவை அந்தப் படத்தில் அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலம்தான் ‘மணமகளே மருமகளே’யையும் எழுதியவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எடுத்துக்கொண்டதைச் சினிமா கொஞ்சம் திருப்பியும் கொடுத்தது என்று நினைக்கிறேன். ஒப்பாரிக்கு அது நடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்த்தும்பி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில், இப்ப கனடாவில். உங்களுக்கு மரத்தில குழாய் இருந்தது போல எங்களுக்கு றேடியோ. இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் 1952இல் சினிமாப் பாட்டை ஆல் இந்தியா ரேடியோவில் இருந்து தள்ளி வைத்தபோது தமிழ்நாட்டுக்காரரும் எங்கட இலங்கை வானொலிப் பக்கம்தான் திரும்பினவை. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகேல்லை. காலமை றேடியோவில ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி போனால்தான் அம்மா அடுப்பு மூட்டுவா.

நான் சொல்ல வந்தது வேறை. 1990 ஜூனில் சண்டை தொடங்கினதோட யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறியும் வராது, தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, கசற் பிளேயருக்குக் குடுப்பம். ஒருத்தர் பெடலைச் சுத்த வேணும், மற்றவை சுத்தி இருந்து கேப்பம். ஜாம் போத்தல் விளக்கு ஒண்டு நடுவில. சுத்துற ஆளுக்குக் கை உளைஞ்சால் பாட்டு இழுபடும். பாடுறவர் நித்திரையில பாடுற மாதிரி இருக்கும். “சுத்தடா” எண்டு ஐயா சொல்லுவார், திரும்பக் குரல் எழும்பும்.

‘ரோஜா’ பாட்டுகள் அப்பிடித்தான் எங்களிட்டை வந்தது. அண்ணா சுத்த, ‘சின்னச் சின்ன ஆசை’யை நான் ஒரு நூறு தரமாவது கேட்டிருப்பன். 1996இல் கொழும்புக்கு வந்து ஒரு கடை வாசலில் அதே பாட்டைக் கேட்டன். வேகமாப் போகுது. மெசின் பிழை எண்டு நினைச்சன். சரியான வேகம் அதுதான் எண்டு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அண்ணா இப்ப இல்லை. போனில பாட்டை மெதுவாக்கிற வசதி ஒண்டு இருக்கு. சில இரவில அதைப் போட்டுக் கேப்பன்.

மைக்செட்வீடு

யாழ்த்தும்பி, கை நடுங்குகிறது எனக்கு. சாவி கொடுக்க மறந்தால் எங்கள் பிளேயரும் அப்படித்தான் இழுக்கும். சாவு வீட்டில் ஒருமுறை நான் தூங்கிப்போய் டி.எம்.எஸ். குரல் அடியாழத்துக்கு இறங்கிவிட்டது. அப்பா அடிப்பார் என்று பதறி எழுந்தேன். பந்தலில் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது போல.

நடுத்தெரு

எல்லோரும் உருகி எழுதுகிறீர்கள். நானும் பாட்டுக்காரன்தான், ஆனால் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். என் அம்மா கடைசி நாலு நாள் படுத்திருந்த அறைக்கு இருபது அடியில் ஆடி மாதக் குழாய். எல்.ஆர்.ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள் அம்மாவுக்கு உயிர். ஆனாலும் விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள். காதைப் பொத்திக்கொள்ள அவர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் தலையணை வைத்துக் காதை மூடினேன். போய்ச் சொன்னால், “சாமி காரியத்தைக் குறை சொல்றியா?” என்றார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? இன்றுவரை ‘கற்பூர நாயகியே’ எங்கே கேட்டாலும் அம்மாவின் அந்தக் கைதான் தெரிகிறது. அவருக்குப் பிடித்த பாட்டு எனக்கு இப்படி ஆகிப்போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பனங்காடு

நடுத்தெரு அண்ணா, மன்னிக்க வேண்டாம். நான் எங்கள் ஊர் விழாக் கமிட்டியில் இருக்கிறேன். இந்த வருடம் 6 மணிக்கு முன்னால் போட விடமாட்டேன், குழாயையும் வீடுகள் பக்கம் திருப்ப விடமாட்டேன்.

இரவுப்பணி

நான் செவிலியர். முதியோர் இல்லம் ஒன்றில் ஏழு வருடமாக இரவு வேலை. நினைவு தப்பியவர்கள் பிரிவு.

எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் இருந்தார். மகன் வந்தால் “யாரு, கரண்ட் பில்லுக்கா?” என்பார். ஒருநாள் தலை வாரிவிடும்போது நான் ‘வாராய் என் தோழி’யை மெல்ல முணுமுணுத்தேன். அவர் அடுத்த அடியை எடுத்தார். சரணம் வரை ஒரு சொல் பிசகவில்லை. அதைவிட, அவர் கைகள் எழுந்து, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, காற்றில் பூச்சரம் வைத்துவிட்டன. வலது கையால் சரம், இடது கையால் கொண்டை ஊசி. எந்தக் கல்யாணமோ, எந்தப் பெண்ணோ. மகனிடம் சொன்னேன். அவர் அடுத்த வாரம் போனில் அந்தப் பாட்டோடு வந்தார். அன்றைக்கும் அம்மா அவர் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் போகும்போது கையை விடவில்லை.

பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள்தான் மற்றவற்றைவிட ஆழமாகத் தங்குகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே தினமும் பார்க்கிறேன். இன்னொன்றும் படித்தேன். மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஆய்வு. மனதுக்குப் பிடித்த பாட்டின் உச்சத்தில் மூளையில் டோபமைன் சுரக்கிறது. அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும், மூளையின் இன்னொரு பகுதியில், அது சுரக்கிறதாம். மைக்செட்வீடு அண்ணா, ஊசி வைத்ததும் பாட்டுக்கு முன்னால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே? எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே புல்லரிக்கும். ஏன் என்று அதைப் படித்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

மருதாணி

இரவுப்பணி, அந்த அம்மாவின் கைகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் அப்பாயியும் கடைசியில் எல்லாம் மறந்துதான் போனார். அவரிடம் யாரும் ஒப்பாரியை முணுமுணுத்துப் பார்க்கவில்லை. எங்களில் யாருக்கும் தெரியாது. சினிமாப் பாட்டு என்றால் ஊருக்கே தெரியும், அடுத்த அடியை எடுத்துக் கொடுக்க ஒரு செவிலியராவது இருப்பார். அப்பாயியின் பாட்டு அவரோடு போய்விட்டது.

கரிசல் தம்பி எழுதியதையும் இரண்டு நாளாக யோசிக்கிறேன். அப்பாயி பாடிய வீடுகளில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

மைக்செட்வீடு ஐயா, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் அப்பா போனபோது எந்தப் பாட்டு போட்டீர்கள்?

மைக்செட்வீடு

போடவில்லை அம்மா.

2004, தை மாதம். அதற்குள் செட் தொழில் போய்விட்டது. பிளேயர் போய் கேசட், கேசட் போய் சி.டி. ஆகி, எல்லாவற்றையும் விற்றாகிவிட்டது. பக்கத்து ஊர் செட்காரர் அப்பாவிடம் தொழில் கற்றவர். பணம் வேண்டாம் என்று பெரிய பாக்ஸ் எல்லாம் இறக்கிவிட்டார். அம்மா வாசலுக்கு வந்து, “அவரு ஊருக்கெல்லாம் போட்டாரு. அவருக்குப் போடுற கை வேற கையா இருக்கக் கூடாது” என்றார். நான் போட்டிருக்கலாம். மூட்டை பரணில்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. கொள்ளி வைக்கிற கையால் அதைத் தொட முடியவில்லை.

அதனால் பந்தல் சத்தமே இல்லாமல் இருந்தது. ஆண்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது உள்ளேயிருந்து என் அத்தை குரல் எழுந்தது. அப்பாவின் கடைசித் தங்கை. அவர் பாடி நான் கேட்டதே இல்லை. குழாய் கட்டின மரத்தை எல்லாம் ஊர் ஊராகச் சொன்னார். எந்த ஊரில் மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது, எந்த ஊரில் காசு கொடுக்காமல் விரட்டினார்கள் என்று சொன்னார். 83இல் அண்ணன் தம்பி பேசாமல் போனதும் வந்தது. ‘ஊருக்கு அழப் பாட்டு வச்சே, உனக்கு அழ நானிருக்கேன்’ என்கிற பொருளில் ஓர் அடி வந்தது. பந்தலிலிருந்து நான் எழுந்து போய் நிலைப்படியில் நின்றேன். ஆண்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை. எனக்குப் பின்னால் சித்தப்பாவும் வந்து நின்றார். அப்புறம் இன்னும் சிலர்.

என் முதல் பதிவில் எழுதியதை இப்போதும் நம்புகிறேன், குழாய் இல்லாவிட்டால் நிறைய ஆம்பிளைகள் அழாமலே செத்திருப்பார்கள். ஆனால் என் கண்ணீர் அதில் வரவில்லை.

மருதாணி

அத்தை இருக்கிறாரா? பாடுவாரா? பதிவு செய்ய நான் வரலாமா? மதுரை வரை வந்துவிடுவேன்.

மைக்செட்வீடு

இருக்கிறார். எழுபத்தெட்டு. காது கொஞ்சம் மந்தம், குரல் அப்படியேதான் இருக்கிறது. நேற்று ராத்திரி கேட்டேன். முதலில், “சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, புத்தி கெட்டுப்போச்சா?” என்று திட்டினார். காலையில் அவரே கூப்பிட்டார். வீட்டுக்குள் பாடமாட்டாராம். ஊருக்குள்ளும் கூடாதாம். கிணற்றடிக்குப் போய்விடலாம், அங்கே ஒரு புளியமரம் இருக்கிறது, அறுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையை வரச் சொல் என்றார். வழியைத் தனி மடலில் அனுப்புகிறேன். கரிசல், உங்கள் மகளுக்கு லீவு இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.